பச்சைக் குளமும் குளோரின் கணக்கும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. அறிவியல் சோதனைகளுக்கும் இது மிகவும் பொருந்தும். நீச்சல் குளத்தில் குளோரின் அளக்கும் எளிய சோதனையே இதற்குத் தக்க சான்றாகும்.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அங்கு மரியா லெங்க் நீர் விளையாட்டு அரங்கில், ஆகஸ்ட் 9-ஆம் நாள் நீரில் பாய்தல் போட்டிக்குரிய குளம் திடீரெனப் பச்சையாக மாறியது. அடுத்திருந்த பெரிய குளமும் பின்னர் நிறம் மாறியது. ஆகஸ்ட் 5-ஆம் நாள் யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை நீரில் ஊற்றியதே காரணம் என அமைப்பாளர்கள் பின்பு தெரிவித்தனர். பெராக்சைடும் குளோரினும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காவல் போன இடத்தில் பாசிக்குக் கொண்டாட்டந்தானே! முடிவில் பெரிய குளத்தின் நீரையே வெளியேற்றி, பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 இலட்சம் லிட்டர் நீரை மாற்ற வேண்டியதாயிற்று.

குளோரின் இருவகை

நீரில் இடப்படும் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறிக் கிருமிகளையும் பாசியையும் கொல்கிறது. வேலை செய்யக் காத்திருக்கும் குளோரினைக் கட்டற்ற குளோரின் என்பர். வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்துவிட்டது கட்டுண்ட குளோரின். முன்னது கையிலுள்ள பணம். பின்னது அடகு வைத்த நகை. நகையும் நம்முடையதுதான், ஆயினும் அவசரத்திற்கு உதவாது. குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி பெரும்பாலும் இந்தக் கட்டுண்ட குளோரினால் வருவதே. எனவே நெடி அடிப்பதால் நீர் தூய்மை என்று எண்ணுவது தவறு.

ஆர்த்தோடாலிடின் என்னும் திரவத்தை இட்டால் வரும் மஞ்சள் நிறம், பணத்தையும் நகையையும் கூட்டி மொத்தக் கணக்கையே காட்டும். டி.பி.டி. மாத்திரை தரும் இளஞ்சிவப்பு நிறமோ கையிருப்பைத் தனியே காட்டவல்லது. கட்டற்ற குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை.

சோதனை ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, குளோரின் இட்டும் அளவு பூஜ்யமாகக் காட்டுவது. பாசி குளோரினைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால் இவ்வாறு நேரும். வெயிலும் குளோரினைக் குறைக்கும் அல்லவா? ஆகையால் பொழுது சாய்ந்தபின் ஒருமுறையும், சூரியன் உதிக்குமுன் ஒருமுறையும் அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை. யாரும் நீந்துவதும் இல்லை. அப்படியிருந்தும் 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்தால், பாசியோ வேறு அழுக்கோ நீரில் இன்னும் உள்ளது என்று அறியலாம்.

இரண்டாவது வேடிக்கையானது. குளோரின் மிக அதிகமானால் டி.பி.டி. தந்த சிவப்பு நிறத்தையே அது வெளுக்கச் செய்துவிடும். குழாயில் நிறமில்லை என்று மேலும் குளோரின் கொட்டினால் கண்ணும் தோலும் எரியும். ஐயம் தோன்றினால் ஒரு பங்கு குள நீருடன் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, விடையை ஐந்தால் பெருக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு சரியாக இருந்தும் நீர் பச்சையாக இருப்பது. இதற்கு பி.எச். மதிப்பு ஒரு காரணம். அது 7.5 ஆக இருக்கையில் கட்டற்ற குளோரினில் ஏறத்தாழப் பாதியே வலிமையுள்ள அமில வடிவில் இருக்கும். 8 ஆனால் கால் பங்குதான். மற்றொன்று, வெயிலிலிருந்து காக்கச் சேர்க்கும் சயனூரிக் அமிலம். இது குடைபோல் குளோரினைக் காக்கும். அளவு மிஞ்சினால் வேலை செய்ய விடாமல் பிடித்தும் வைக்கும். ஆனால் சோதனை மாத்திரை அதையும் கட்டற்றதாகவே கணக்கிடும். ஆகவே இவ்வமிலம் உள்ள குளத்தில் குறைந்தது 2 மில்லிகிராம் வேண்டும் என்பர்.

ஒரு சிறு கணக்கு

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 25 இலட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 2½ கிலோ குளோரின் தேவை. சலவைத்தூளில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருப்பதாகக் கொண்டால் 7½ கிலோ தூள் வேண்டும். பாசி படர்ந்த குளத்தில் இது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம். ஆகவே பாசியைத் தேய்த்து, வடிகட்டியை ஓடவிட்டு, மீண்டும் மீண்டும் அளந்து பார்ப்பதே வழி. சலவைத்தூளுடன் அமிலத்தை ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயு கிளம்பும்.

தோழியரே, கலங்கிய குளத்தில் கிருமி மட்டுமா ஆபத்து? மூழ்கும் குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அடித்தரை தெளிவாகத் தெரியாத குளத்தில், சோதனைக் குழாய் எந்த நிறம் காட்டினாலும், இறங்கக் கூடாது. ஓர் எண்ணைக் கண்டதும் நம்பிவிடாமல், அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று கேட்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி