ஆறு சுற்று ஓடினால் மட்டும் போதுமா?

400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. நாப்ஃபா தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்றதும் பலருக்கு அதுதான் நினைவுக்கு வரும். எடையைக் குறைக்க நினைக்கும் மாணவர்களும் பெரும்பாலும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். தினமும் ஓட வேண்டும், சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனால் எடைக்கருவி, எவ்வளவு குறைந்தது என்று மட்டுமே சொல்லும். எது குறைந்தது என்று சொல்லாது.

ஓட்டத்தின் கணக்கு

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள மாணவர் 2.4 கிலோமீட்டர் ஓடினால் 60 x 2.4 = 144 கிலோகலோரி. ஓடி முடித்த தாகத்தில் 330 மில்லிலிட்டர் இனிப்புப் பானம் ஒன்றைக் குடித்தால் என்ன ஆகும்? 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை இருந்தால், அதிலேயே 132 கிலோகலோரி திரும்ப வந்துவிடும்.

உடல் கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 7,700 கிலோகலோரி சேமிக்கப்பட்டுள்ளது. உணவை மாற்றாமல் வாரத்தில் மூன்று நாள் ஆறு சுற்று ஓடினால், ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 18 வாரம் ஆகும்.

இதற்காக ஓட்டம் வீண் என்று எண்ண வேண்டாம். இதயமும் நுரையீரலும் வலுப்பெற அதைப் போன்ற பயிற்சி குறைவு. ஆனால் பொறுமை இழந்து சாப்பாட்டைத் தவிர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தசையும் கரையும்

உணவு மிகவும் குறைந்தால் உடல் முதலில் தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைகோஜனைச் செலவழிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனுடனும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதற்கு இந்த நீரே முக்கியக் காரணம். பிறகு கொழுப்பு கரைகிறது. கூடவே, தசையில் உள்ள புரதமும் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றில் ஒரு பகுதியைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றுகிறது.

தசைக்கு நல்ல வேலை கொடுத்தால், உடல் அதைக் காப்பாற்றிவைக்கும். இழுப்பதும் தள்ளுவதும் தூக்குவதுமான வலுப்பயிற்சிதான் அந்த வேலை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. வலுவான தொடைத் தசை அதைத் தாங்கி முழங்காலைக் காக்கும்.

தசை கூடினால் தூக்கத்திலேயே கொழுப்பு கரைந்துவிடும் என்பது மிகைப்படுத்தல். ஓய்வில் இருக்கும்போது ஒரு கிலோ தசை ஒரு நாளுக்குச் செலவழிப்பது சுமார் 13 கிலோகலோரிதான்.

இரண்டும் மோதுமா?

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் வலுப்பயிற்சியில் ஊறியவர். செயிண்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹொலோசி என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும், அவருடன் ஓடத் தொடங்கினார். நாளடைவில் தம் தசை குறைவதைக் கவனித்தார். அந்தக் கேள்வியையே பின்னர் ஆய்வாக்கி 1980ல் முடிவை வெளியிட்டார்.

ஒரு குழு வலுப்பயிற்சி மட்டும் செய்தது. இன்னொரு குழு தாங்குதிறன் பயிற்சி மட்டும் செய்தது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. ஆய்வு 10 வாரம் நடந்தது. மூன்றாவது குழுவின் வலு ஏழாவது வாரம்வரை ஏறி, பிறகு நின்று, கடைசி இரு வாரங்களில் இறங்கியது. அவர்களின் தாங்குதிறனுக்குக் குறைவு ஏற்படவில்லை.

அப்படியானால் இரண்டையும் சேர்க்கக் கூடாதா? அந்தக் குழு வாரத்தில் ஐந்து நாள் வலுப்பயிற்சியும் ஆறு நாள் தாங்குதிறன் பயிற்சியும் கடுமையாகச் செய்தது. தசை மீண்டு வளர நேரமே கிடைக்கவில்லை. அளவோடு செய்தால் இந்த மோதல் பெரிதாக இராது.

உங்கள் வாரம்

5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஓட்டத்தை ஒரு நாளும் வலுப்பயிற்சியை அடுத்த நாளும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் செய்வதானால், களைப்படையுமுன் வலுப்பயிற்சியை முடித்துவிட்டு ஓடுங்கள்.

இதற்குப் பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர வேண்டியதில்லை. வீவக புளோக்குகளுக்கு அருகிலுள்ள உடற்பயிற்சி மூலையில் கம்பியைப் பிடித்து உடலை இழுக்கலாம். தரையில் தண்டால், தோப்புக்கரணம் போன்ற குந்தல் பயிற்சி, மாடிப்படி ஏறுதல் ஆகியவையும் போதும். பளு தூக்கினால் உயரம் வளராது என்பது கட்டுக்கதை. சரியான முறையை உடற்கல்வி ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு செய்தால் பாதுகாப்பானதே. நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் சூடு தணியாது. அதனால் ஓட்டத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். தசைக்குப் புரதம் வேண்டும். தேக்கா சந்தைக்கு அம்மாவுடன் போனால் மீன், முட்டை, பருப்பு, தயிர், தவ்வு என எல்லாமே கிடைக்கும். பசியோடு ஓடுவதைவிட இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர் குடிப்பது நல்ல தொடக்கம். வளரும் வயதில் எடை குறைய வேண்டுமா என்பதையே முதலில் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எடையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை சிங்கப்பூர் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் நடந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில், எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். எடை கூடிய மாணவர்களின் விகிதம் குறைந்தது. ஆனால் பலர் கேலிக்கு ஆளாகி மனம் நொந்தார்கள். அதன் பிறகு எல்லா மாணவர்களின் முழு நலனையும் பார்க்கும் திட்டம் வந்தது.

ஆகவே, உங்கள் குறிப்பேட்டில் எடையை மட்டும் எழுதாதீர்கள். கம்பியில் எத்தனை முறை இழுக்க முடிந்தது, ஆறு சுற்றுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதுங்கள். எடை அப்படியே இருந்தும் அந்த இரண்டும் முன்னேறினால், உங்கள் உடல் சரியான பாதையில்தான் போகிறது.