டாமன்சாரா: ஊர்ப்பெயராக எஞ்சிய சிற்றாறு

டாமன்சாரா என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருபவை குடியிருப்புகளும் நெடுஞ்சாலைகளுமே. அப்பெயரில் ஆறு ஒன்று உண்டென்பதை நம் மாணவருள் அறிந்தோர் மிகச் சிலரே. சுங்கை பூலோவை ஒட்டிய காட்டுப் பகுதியில் தோன்றித் தெற்கு நோக்கிப் பாயும் இச்சிற்றாறு, ஷா ஆலம் அருகே கிள்ளான் ஆற்றுடன் கலக்கிறது. இதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் மட்டுமே. எனினும், சிலாங்கூரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றில் இதற்குரிய இடம் சிறிதன்று.

1857இல் கோலாலம்பூர்ப் பகுதியில் ஈயம் தோண்டும் பணி தொடங்கியபின், கிள்ளான் ஆறே அதன் வாணிகப் பாதையாயிற்று. ஆனால், மேலே செல்லச் செல்ல ஆறு ஆழம் குறைந்து வளைந்து செல்வது. படகுகளைக் கழி ஊன்றித் தள்ளிச் செல்ல நாள்கள் பல ஆயின. நீராவிப் படகுகள் டாமன்சாராத் துறைவரை வந்து நின்றன. அங்கிருந்து காட்டினூடே அமைந்த சாலைவழியே மக்களும் பொருள்களும் கோலாலம்பூரை அடைந்தனர். 1880இல் மாநில நிருவாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியபோது இவ்வழியின் தேவை மேலும் மிகுந்தது. நீர்வழி முடிந்து நிலவழி தொடங்கும் இடம் என்பதே இத்துறையின் சிறப்பு.

அச்சிறப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1886இல் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும், துறையில் சரக்கை இறக்கி ஏற்றும் தேவையே அற்றுப்போயிற்று. அவ்விருப்புப்பாதையில் உள்ள பத்து தீகா என்னும் ஊரின் பெயரைத் தமிழ் எண்ணாக மயங்குதல் ஆகாது. மலாய் மொழியில் 'பத்து' என்பது கல். நம்மவர் வழக்கில் மூன்றாங்கட்டை எனலாம்.

பின்னர் இவ்வட்டாரம் இரப்பர், செம்பனைத் தோட்டங்களாயிற்று. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அந்நிலப்பகுதியில் எழுந்த ஷா ஆலம் 1978இல் மாநிலத் தலைநகராயிற்று. மழைநீரை உள்வாங்கிய மண் கற்காரையால் மூடப்பட, நீர் விரைந்து ஆற்றில் சேரலாயிற்று. 2006 பிப்ரவரியில் டாமன்சாரா கரைகடந்து, ஷா ஆலம் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பெயரை மட்டும் அறிந்திருந்த பலர் ஆற்றை அன்றுதான் கண்டனர்.