செயலியைப் போலச் செய்யும் நிரல்

சிலிக்கானில் வடித்துவிட்ட செயலியில் பிழை இருந்தால் அதனை அழித்து எழுத இயலாது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலியில், வகுத்தலுக்குரிய அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தமை 1994-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது. ஆகவேதான் செயலியை வடிக்கும் முன்னரே, அதனைப் போல நடந்து காட்டும் நிரலை எழுதுகிறார்கள். அதுவே சிமுலேட்டர். அந்தச் சிமுலேட்டரே குழம்பிக் கிடந்தால், அதை நம்பி எடுக்கும் முடிவுகளும் குழம்பும் அன்றோ?

தொடக்கம் எளிது. 2010-இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிகளும் இதனைப் பின்பற்றுவனவே. இதன் 32 பிட் அடிப்படைப் பகுதியில் 40 கட்டளைகளே உள்ளன. நீண்ட 'ஸ்விட்ச்' ஒன்றில் நாற்பது கிளைகள் வைத்தால் நிரல் ஓடிவிடும்.

தொல்லை பின்னரே வருகிறது. பெருக்கல், வகுத்தலுக்காக 8 கட்டளைகள் சேரும். பிறகு 64 பிட் அகலம், கேஷ், பைப்லைன் என ஒவ்வொன்றாய்ப் புகும். கிளைதோறும் "அகலம் 64 ஆயின்", "கேஷ் உண்டெனில்" என நிபந்தனைகள் முளைக்கும். கட்டளைகள் வளர்வது கூட்டல். நிபந்தனைகள் பின்னுவதோ பெருக்கல். ஆம்-இல்லை நிபந்தனைகள் ஐந்தானால் 32 நிலைகள், பத்தானால் 1,024. இத்தனையையும் சோதிப்பவர் யார்?

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி, மூன்று வினாக்களைப் பிரித்து வைப்பதாகும். இது எந்தக் கட்டளை? இது என்ன செய்யும்? இதற்கு எத்தனை கடிகாரத் துடிப்புகள் ஆகும்? ஒன்றன் விடை மற்றொன்றன் இடத்தில் நுழையலாகாது. 'ஸ்பைக்' என்னும் சிமுலேட்டரில் ஒவ்வொரு கட்டளையின் செயலும் தனிச் சிறு கோப்பில் உள்ளது. கூட்டல் கட்டளைக்கு ஒரே வரிதான். பூச்சிய எண் ரெஜிஸ்டரின் மதிப்பு என்றும் பூச்சியமே என்பது விதி. அவ்விதியைக் கட்டளைதோறும் எழுதாமல், ரெஜிஸ்டரில் மதிப்பை இடும் ஓரிடத்தில் மட்டும் காக்கிறார்கள்.

இவ்வாறு பிரித்தால் சோதனையும் எளிதாகும். ஒரே நிரலை நம் சிமுலேட்டரிலும் ஸ்பைக்கிலும் ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ரெஜிஸ்டர்களை ஒப்பிடலாம். முதல் வேறுபாடு தோன்றும் இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம். ஆனால் ஸ்பைக், கட்டளைகளின் பயனைக் காட்டுமேயன்றிப் பைப்லைனின் காலக் கணக்கைக் காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

சிமுலேட்டர் எழுதப் புகும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். புதிய கட்டளையொன்றைச் சேர்க்க எத்தனை கோப்புகளைத் திருத்தினீர்கள் என்று எண்ணி வாருங்கள். அந்த எண் வளர்ந்துகொண்டே போனால், மேற்கொண்டு சேர்ப்பதை நிறுத்துங்கள். முதலில் எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள்.