ஓய்வுக்கால விசா: ஊருக்கு டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டிய தேதிகள்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து கல் வியாபாரத்துக்காகப் பாங்காக் சென்ற குடும்பங்கள் பல உண்டு. வயதான பிறகும் அங்கேயே பிள்ளைகளோடு தங்க நினைப்பவர்களுக்குத் தாய்லாந்து அரசு தரும் வழிகளில் ஒன்று, 50 வயது நிரம்பியவர்களுக்கான ஓய்வுக்கால அனுமதி. இது ஒவ்வோர் ஆண்டும் நீட்டிக்கப்பட வேண்டும். இந்த அனுமதியில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது. பிள்ளையின் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பதும் அதில் அடங்கும்.

நீட்டிப்பு வாங்குவதைவிட, வாங்கியதை ஊருக்குப் போய் வரும்போது இழக்காமல் காப்பதுதான் பலருக்குச் சிரமமாக இருக்கிறது. நோன்பு, பெருநாள், கல்யாணம், ஜனாஸா என்று ஊர்ப் பயணம் நமக்குத் தவிர்க்க முடியாதது. அதனால் விதிகளைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

தங்கும் அனுமதி வேறு, திரும்பி வரும் அனுமதி வேறு

ஓராண்டு நீட்டிப்பு என்பது தாய்லாந்துக்குள் தங்குவதற்கான அனுமதி மட்டுமே. நாட்டை விட்டு வெளியேறினால் அது அந்த நிமிடமே ரத்தாகிவிடும், அதில் எட்டு மாதம் மீதி இருந்தாலும் சரி. அதைக் காப்பாற்றுவது 'ரீ-என்ட்ரி பெர்மிட்' எனப்படும் மறுநுழைவு அனுமதி. ஒரு முறை போய் வர 1,000 பாட். எத்தனை முறையானாலும் போய் வர 3,800 பாட். இதற்கான படிவம் டி.எம்.8.

ஊரில் வயதான உம்மா, வாப்பா இருப்பவர்கள் பலமுறை அனுமதியை எடுத்து வைப்பதே நல்லது. மவுத்துச் செய்தி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இரவில் செய்தி வந்தால் அடுத்த விமானத்தில் ஏறத்தான் மனம் துடிக்கும். குடியேற்ற அலுவலகம் திறக்கும் வரை காத்திருக்க முடியாது. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் இந்த அனுமதி தரும் கவுண்டர் உண்டு. ஆனால் புறப்பாட்டு முத்திரை குத்துவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அந்த நேரப் பதற்றத்தில் இதை நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மறுநுழைவு அனுமதி, நீங்கள் பெற்றிருக்கும் நீட்டிப்பு முடியும் நாள் வரைதான் செல்லும். அடுத்த நீட்டிப்பு கிடைத்ததும் மறுநுழைவு அனுமதியையும் புதிதாக வாங்க வேண்டும். "பழையதில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே" என்று புறப்பட்டு, அது முடிந்த பிறகு திரும்பினால், புதிய நீட்டிப்பும் சேர்ந்து போய்விடும்.

சந்திர மாதமும் விசா தேதியும்

நீட்டிப்புக்கு முடிவு நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். சில அலுவலகங்கள் 45 நாட்களுக்கு முன்பே ஏற்றுக்கொள்கின்றன. முன்கூட்டிப் போனால் நாள் எதுவும் நஷ்டமாகாது. புதிய ஆண்டு பழைய முடிவு நாளிலிருந்தே கணக்கிடப்படும். படிவம் டி.எம்.7, கட்டணம் 1,900 பாட். நேரில் போக வேண்டும். ஊரில் இருந்துகொண்டு செய்ய முடியாது.

விசா தேதி ஆங்கில நாட்காட்டியில் நிலையாக நிற்கும். ரமழானோ ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து வரும். ஒருவருடைய முடிவு நாள் மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். 2020-இல் நோன்பு ஏப்ரல் கடைசியில்தான் தொடங்கியது. அவருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. 2027-இல் நோன்பு பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கி, மார்ச் 10-ஐ ஒட்டிப் பெருநாள் வரும். விண்ணப்பிக்க வேண்டிய அதே 30 நாட்கள்! நோன்பு முழுவதும் ஊரில் இருக்க நினைத்தால் நீட்டிப்பு போய்விடும். அவர் முதல் சில நோன்புகளைப் பாங்காக்கில் பிடித்து, விண்ணப்பித்து, நீட்டிப்பும் புதிய மறுநுழைவு அனுமதியும் கையில் வந்த பிறகு புறப்படலாம். சில அலுவலகங்கள் முடிவு சொல்ல இன்னொரு நாள் வரச் சொல்வதுண்டு. அதனால் டிக்கெட்டை நாலைந்து நாள் தள்ளியே எடுக்க வேண்டும்.

பணம் எப்போது கைக்கு வரும்?

வங்கி இருப்பைக் காட்டி நீட்டிப்பு வாங்குபவர்கள் தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பிருந்து, நீட்டிப்பு கிடைத்து 3 மாதம் வரை இந்தத் தொகை குறையக் கூடாது. மற்ற மாதங்களில் எடுக்கலாம். ஆனால் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவது இன்னொரு வழி.

மேலே சொன்ன மார்ச் 10 கணக்கில், பிப்ரவரி 8-இல் விண்ணப்பிப்பவருக்கு டிசம்பர் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை பணத்தில் கை வைக்க முடியாது. பேத்தி கல்யாணத்துக்கோ வீட்டு வேலைக்கோ இந்தப் பணத்திலிருந்து எடுக்க எண்ணினால், அது ஜூன் முதல் நவம்பருக்குள் நடக்க வேண்டும். எடுத்ததை டிசம்பருக்கு முன் திரும்பவும் நிரப்ப வேண்டும். ஊரில் உள்ள பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "வாப்பா கணக்கில் பணம் இருக்கிறதே" என்று அவசரத்துக்குக் கேட்டால், கொடுக்கும் பெற்றோரின் தங்கும் உரிமையே போய்விடலாம்.

90 நாள் அறிவிப்பு

தாய்லாந்தில் தொடர்ந்து 90 நாட்கள் தங்கினால் முகவரியை அறிவிக்க வேண்டும். குறித்த நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம். தவறினால் 2,000 பாட் அபராதம். நடுவில் ஊருக்குப் போய் வந்தால், திரும்பி வந்த நாளிலிருந்து எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். முதல் நீட்டிப்புக்குப் பிறகு, நீட்டிப்புக்கு விண்ணப்பித்தது இந்த அறிவிப்பாகக் கருதப்படாது; இரண்டும் தனித்தனி.

மனைவிக்கும் தனியாக

கணவரின் அனுமதியைச் சார்ந்து தங்கும் மனைவிக்கும் தனி நீட்டிப்பு, தனி மறுநுழைவு அனுமதி, தனி 90 நாள் அறிவிப்பு வேண்டும். கணவருடைய அனுமதி போனால் அதைச் சார்ந்த மனைவியின் அனுமதியும் நிற்காது.

புறப்படும் முன்

* பாஸ்போர்ட் முடியும் நாளைப் பாருங்கள். அதைத் தாண்டி நீட்டிப்பு கிடைக்காது. ஊரில் புதுப்பித்தால், முத்திரைகள் உள்ள பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டு வாருங்கள்.
* மறுநுழைவு அனுமதியில் உள்ள முடிவு நாள் உங்கள் நீட்டிப்பின் முடிவு நாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
* திரும்பி இறங்கியதும் மறுநுழைவு அனுமதியை அதிகாரியிடம் காட்டுங்கள். அவர் குத்தும் முத்திரையில் நீட்டிப்பின் முடிவு நாளே இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கான குறுகிய நாள் விழுந்திருந்தால் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.
* கட்டணமும் விதியும் மாறக்கூடியவை. ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பகுதிக் குடியேற்ற அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீட்டிப்பு முடியும் நாள், விண்ணப்பிக்கத் தொடங்கும் நாள், பணத்தைத் தொடக் கூடாத மாதங்கள் ஆகிய மூன்றையும் வீட்டுச் சுவரில் உள்ள இஸ்லாமிய நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். அடுத்த ரமழானும் பெருநாளும் அவற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.