வரிசையை விட்டு விலகும் கணக்கு

வரிசையில் பாதியில் கழன்றுகொள்பவரைப் பொறுமையில்லாதவர் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ‘இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, விட்டால் நஷ்டம்’ என்பது அந்தக் கணக்கில் சேராது. போன நேரம் எப்படியும் திரும்பாது. இனி எவ்வளவு காக்க வேண்டும், கிடைப்பது அதற்கு ஈடாகுமா என்பதே கேள்வி. கண்ணெதிரே நகரும் வரிசையில் முன்னால் ஆள் குறையக் குறைய, தங்குவதே பெரும்பாலும் லாபம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்ற குரலும் இசையும் மாறிமாறி ஒலிக்கும்போது நிலைமை வேறு. முன்னால் எத்தனை பேர் என்று தெரியாது. பத்து நிமிடமாகியும் யாரும் எடுக்கவில்லை என்பதே, கூட்டம் நினைத்ததைவிட அதிகம் என்பதற்கு அறிகுறி. அப்போது இணைப்பைத் துண்டிப்பது அவசரமல்ல, விவேகம்.

எல்லோரும் இப்படித் தம் லாபமே பார்த்தால் பொதுவுக்கு நல்லதா? 1969-இல் நாவோர் என்ற ஆய்வாளர் காட்டிய சிக்கல் வேறு: மக்கள் வரிசையில் அளவுக்கு மீறிச் சேர்கிறார்கள். தம்மால் பின்னால் நிற்பவருக்கு ஆகும் தாமதத்தை யாரும் எண்ணுவதில்லை. கட்டணம் வைத்தால் சீராகும் என்றார் அவர். 1985-இல் ரெஃபாயல் ஹாசின், கடைசியில் வந்தவரை முதலில் கவனித்தால் கட்டணமின்றியே சரியான அளவுக்கு ஆட்கள் விலகுவார்கள் என்று நிறுவினார். கடைக்கோடிக்குத் தள்ளப்பட்டவரின் முடிவு வேறு யாரையும் பாதிக்காதே. காகிதத்தில் சரி, ரேஷன் கடையில் செய்தால் கைகலப்பு. விலகியவர் புதியவர்போல மீண்டும் வந்து நிற்கவும் வழியுண்டு. கட்டணமோ ஏழையை விரட்டும். நடைமுறைக்கு ஏற்றது, காத்திருக்க வேண்டிய நேரத்தை ஒளிக்காமல் சொல்வதுதான். நெரிசல் அதனால் முழுதும் தீராது. ஆனால் கிளம்ப வேண்டியவர் முதல் நிமிடத்திலேயே கிளம்பிவிடலாம்.