கூரையை வெட்டினோம், கதவு சாத்தவில்லை

சூலியா தெருவில், நாகூர் தர்கா பக்கம், அண்மையில் ஒரு ஃபோர்டு மாடல் டி திறந்த கார் நின்றது. திருமணத்துக்காக மாலை போட்டிருந்தார்கள். மடக்கி வைத்த கித்தான் கூரை, பளபளக்கும் விளக்குகள். எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள். நான் மட்டும் குனிந்து காரின் அடியைப் பார்த்தேன். காரணம் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொழிற்கல்லூரியில் இறுதித் திட்டப்பணி. நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய நான்கு கதவு சலூன் காரை வாங்கினோம். கூரையை வெட்டி, பழங்காலத் திறந்த கார் போல மாற்றுவது எங்கள் திட்டம். காலையில் கிரைண்டரால் கூரையை அறுத்தோம். மதியம் இருவர் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் பின்கதவுகள் சாத்த மறுத்தன. கார் நடுவில் தொய்ந்து, கதவு வாசலின் மேல்பகுதி குறுகிவிட்டது. ஒப்படைக்க மூன்று வாரமே இருந்தது.

வீட்டில் தாத்தாவிடம் புலம்பினேன். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காரின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் வேலை செய்தவர் அவர். ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார்.

"மூடியை ஒட்டிட்டு முறுக்கிப் பாருய்யா," என்றார். பெட்டி அசையவில்லை. "இப்ப மூடியை எடுத்துட்டு முறுக்கு." பெட்டி துணி போல வளைந்தது.

"உங்க காருக்குக் கூரைதான் மூடி. அந்தக் காலத்துக் காருக்கு அது வெறும் குடை."

நீங்களும் இதைச் செய்து பாருங்கள், மாணவர்களே. திறந்த கார்களின் வடிவமைப்பு முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

பழைய கார்களில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். இயந்திரம், சக்கரம், மனிதர்கள் என எல்லாச் சுமையையும் தாங்குவது அதுதான். உடல் அதன்மேல் வைத்த பெட்டி மட்டுமே. பலவற்றில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தகடு அடித்தார்கள். இதைச் செய்தவர்கள் முன்பு குதிரை வண்டி கட்டியவர்கள். சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனமும் குதிரை வண்டி கட்டித்தான் மோட்டார் வாகனத்துக்கு வந்தது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான மாடல் டியில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் செய்த திறந்த கார்களில் பல ஆண்டுகள் ஓட்டுநர் பக்கக் கதவு வெறும் அச்சு. திறக்காது!

மழையும் தூசியும் மக்களைச் சலித்துப்போக வைத்தன. அமெரிக்காவில் 1919இல் பத்தில் ஒன்றாக இருந்த மூடிய கார்கள், 1927இல் ஏறத்தாழ 85 விழுக்காடு ஆயின. பிறகு தனிச் சட்டமும் மெல்ல மறைந்தது. தரை, தூண், கூரை எல்லாம் ஒன்றாகச் சுமை தாங்கும் உடல் வந்தது. நாங்கள் அறுத்தது அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

அந்த வகை உடலில் நான்கு கதவுத் திறந்த காரைச் செய்து காட்டியது 1961இன் லிங்கன் கான்டினென்டல். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புகளையும் தரையையும் இரும்பு சேர்த்துப் பலப்படுத்தினார்கள். அதனால் கூரை இல்லாத கார், கூரை உள்ள காரைவிட நூறு கிலோவுக்கும் மேல் கனத்தது! பின்கதவுகளின் கீல் பின்பக்கம் இருந்தது. 1963இல் டல்லஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது அவர் அமர்ந்திருந்தது, இந்த வகைக் காரை நீட்டி மாற்றி அமைத்த வாகனத்தில்தான்.

நாங்களும் அதையே செய்தோம். நடுவில் ஜாக்கி வைத்து உயர்த்தி, கதவுக்குக் கீழே இருபுறமும் சதுர இரும்புக் குழாய் பற்றவைத்தோம். கதவுகள் சாத்தின. ஆனால் ஒரு வாரம் தாமதம். மதிப்பெண் குறைந்தது.

மதிப்பெண் போனதைவிட வேறொன்று உறுத்தியது. ஆறாம் வகுப்போடு நின்றவர் என்பதால், கூரையை வெட்டுமுன் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பதில் எங்கள் வீட்டு ஐந்தடியிலேயே உட்கார்ந்திருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் உட்காருகிறேன். உங்கள் வீட்டிலும் தையல், தச்சு, வெல்டிங் தெரிந்த ஒருவர் இருப்பார். அறுக்குமுன் கேளுங்கள்.