எளிமைக்காகப் புதுமை செய்த பெங்களூரு

2025 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 26 இயங்குதளத்தை ஆப்பிள் வெளியிட்டது. ‘லிக்விட் கிளாஸ்’ என்ற அதன் புதிய தோற்றத்தில் பட்டன்களும் மெனுக்களும் கண்ணாடிபோல ஆகிவிட்டன. பின்னால் இருக்கும் படம் அவற்றின் ஊடே தெரிந்தது. பார்க்க அழகாக இருந்தாலும் எழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று பலர் குறைபட்டார்கள். அடுத்து வந்த 26.1 அப்டேட்டிலேயே, கண்ணாடித் தன்மையைக் குறைத்துக்கொள்ளும் வசதியை ஆப்பிள் சேர்த்தது.

இப்படி நடப்பது முதல்முறை அல்ல. 2012இல் விண்டோஸ் 8இலிருந்து ஸ்டார்ட் பட்டனை எடுத்த மைக்ரோசாஃப்ட், மறு ஆண்டே 8.1இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2017இல் ஐபோன் எக்ஸ், ஹோம் பட்டனைக் கைவிட்டது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, திரையின் அடியில் இருந்த பட்டன்களுக்குப் பதிலாக விரலால் இழுத்தே எல்லாம் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பட்டன் கண்ணுக்குத் தெரியும். அழுத்தினால் வேலை நடக்கும். திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போகலாம் என்பதையோ யாராவது சொல்லித்தர வேண்டும். பழகியவருக்கு இதில் வேகம் கூடியது. பழகாத பெரியவர்கள் ‘பேக் எங்கே போச்சு?’ என்று பிள்ளைகளிடம் கேட்கும்படி ஆனது.

புதுமை வந்தால் எளிமை போய்த்தான் தீருமா? பெங்களூரு இந்தக் கேள்வியைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கையில் எடுத்தது.

சிம்ப்யூட்டர் தந்த பாடம்

எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய கையடக்கக் கணினி ஒன்று வேண்டும் என்ற யோசனை 1998இல் பெங்களூருவில் நடந்த ஒரு கருத்தரங்கை ஒட்டிப் பிறந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி.வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவரது குழுவினரும் அதற்கு உருவம் கொடுத்தார்கள். 2001இல் மாதிரிக் கருவி தயாரானது. அதன் பெயர் சிம்ப்யூட்டர்.

அது லினக்ஸில் இயங்கியது. கீபோர்டு கிடையாது, திரையைத் தொட ஒரு குச்சி. திரையில் உள்ள எழுத்தை இந்திய மொழியில் உரக்கப் படித்துக் காட்டும். தனக்கென ஒரு கருவி வாங்க முடியாதவர்களையும் அந்தக் குழு மறக்கவில்லை. ஊருக்கு ஒரு சிம்ப்யூட்டர் இருந்தால் போதும். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. தன் கார்டைச் செருகினால் தன் விவரங்கள் வரும், எடுத்துவிட்டால் அடுத்தவர் முறை.

2004இல் பிகோபெட்டா நிறுவனத்தின் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ விற்பனைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்தது. கருவியைப் பிடித்திருக்கும் கையை லேசாக அசைத்தால் திரையில் பக்கம் திரும்பும். அசைவை உணரும் சென்சாரோடு முதல் ஐபோன் வந்தது 2007இல்தான். ஆனால், அமிடாவின் ஆரம்ப விலையே 9,950 ரூபாய். கர்நாடக அரசு நில ஆவணப் பணிகளுக்குச் சிம்ப்யூட்டரைப் பயன்படுத்திப் பார்த்தது. இருந்தும் விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

அதே காலத்தில், 2003இல் வந்த நோக்கியா 1100ஐ நினைத்துப் பாருங்கள். டார்ச் லைட், தூசி புகாத கீபேட், கைநழுவாத உடல். உலகம் முழுவதும் 25 கோடிக்கும் மேல் விற்றது. சிம்ப்யூட்டரில் இருந்த அறிவில் சிறு பங்குகூட அதில் இல்லை. ஆனால் மக்களுக்கு அன்று உடனே தேவைப்பட்டது தொலைபேசி. அதை அது கொடுத்தது. சிம்ப்யூட்டர் தொலைபேசி அல்ல. கையாள எளிதாக இருந்தால் மட்டும் போதாது, வாங்கும் விலையும் அன்றாடத் தேவையும் கூடிவர வேண்டும் என்பதே அந்தத் தோல்வி சொன்ன பாடம்.

நீர் கொட்டும் குழாய்

2005இல் பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே இந்திராணி மேதி, அமன் சாகர், கென்டாரோ டொயாமா ஆகியோர் நகரின் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். வீட்டு வேலை செய்யும், படிக்கத் தெரியாத பெண்கள் வேலை தேடுவதற்காக, எழுத்தே இல்லாத ஒரு திரையை வடிவமைப்பது அவர்கள் நோக்கம். படம் போட்டால் புரிந்துவிடும் என்று நாம் நினைப்போம். அவ்வளவு சுலபமாக இல்லை.

சமையலறைப் பொருள்களை வெறுமனே வரைந்து காட்டியபோது, பெண்கள் அதை ஓர் இடமாகப் பார்த்தார்களே தவிர, செய்ய வேண்டிய வேலையாகப் பார்க்கவில்லை. குழாயிலிருந்து நீர் கொட்டுவது போலவும் பாத்திரத்திலிருந்து ஆவி எழுவது போலவும் கோடுகள் சேர்த்ததும், பாத்திரம் கழுவுவது, சமைப்பது என்று உடனே சொன்னார்கள். புகைப்படத்தைவிடக் கையால் வரைந்த, தேவையான விவரம் மட்டும் உள்ள படங்களே நன்றாக எடுபட்டன. படத்தைத் தொட்டால் அது என்னவென்று குரலும் சொன்னது. ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் மெனுக்களைவிட, நீளமாக இருந்தாலும் ஒரே பட்டியல் படிப்பறிவு குறைந்தவர்களுக்குக் கைகொடுக்கிறது என்று மேதியின் பிந்தைய ஆய்வு காட்டியது.

நம் ஸ்மார்ட்போனின் செட்டிங்ஸைத் திறந்து, எத்தனை அடுக்குகள் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆய்வின் அருமை புரியும். நான்கு கோடுகள் நீராகவும் ஆவியாகவும் மாறிப் பொருள் தந்ததே, அதுவும் புதுமைதான். யாருக்குக் கடினமோ அவரிடமே கொண்டுபோய்க் காட்டித் திருத்தியதால் பிறந்த புதுமை.

பூட்டிய திரையிலும் கூட்டம்

பெங்களூருவில் இன்னொரு வகைப் புதுமையும் பிறந்தது. இன்மோபி குழுமம் 2019இல் தொடங்கிய ‘கிளான்ஸ்’, போனைத் திறக்கும் முன்பே லாக் ஸ்க்ரீனில் படங்கள், செய்திகள், விளையாட்டு, விளம்பரம் எல்லாம் காட்டுகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் வாங்கும்போதே அது இருக்கிறது. வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் மணி பார்க்கப் போனை எடுத்தவரின் கவனத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. வேண்டாம் என்பவர் செட்டிங்ஸில் தேடி அணைக்கலாம். தேடத் தெரியாதவருக்கு அது அங்கேயே இருக்கும். இதற்கு நேர் எதிராக, 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் அறிமுகமான ‘பார்ஓஎஸ்’ இயங்குதளம், முன்கூட்டியே நிறுவிய ஆப்கள் எதுவும் இல்லாமல் வரும் என்றது.

ஆக, எளிமையும் புதுமையும் எதிரிகள் அல்ல. ஒரு புதுமை யாருடைய சிரமத்தைக் குறைக்கிறது, யாருக்குச் சிரமத்தைக் கூட்டுகிறது என்பதே பார்க்க வேண்டியது. இயங்குதளம் வடிவமைப்பவர்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியிடும் முன், முதியவர்களிடமும் படிக்கத் தெரியாதவர்களிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய முறையை விரும்புகிறவருக்கு அதை எளிதில் கிடைக்கும் இடத்தில் விட்டுவைக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் ‘நேவிகேஷன்’ என்று தேடினால் பழைய மூன்று பட்டன்களைத் திரும்ப வைக்கலாம். சாம்சங்கில் ‘ஈஸி மோட்’ இருக்கிறது. ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ இருக்கிறது. இரண்டும் ஐகான்களைப் பெரிதாக்கித் திரையைச் சுருக்கமாக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போனில் எது தொல்லை என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்கிறபடி மாற்றிக் கொடுங்கள்.